ஏறுபடி வடிவம்

நான் விலங்கியல். மூன்றாம் பருவத்தில்
துணைப்பாடம் என்று கணிதத்தைக் கட்டிவிட்டார்கள்.
பதினான்காம் அறை, சாப்பாட்டுக்கு அடுத்த மணி.
முன்வரிசை பிசிக்ஸ்காரர்களுக்கு.
நாங்கள் ஆறு பேர்
கையில் ஃபார்மலின் வாடையோடு கடைசி பெஞ்சில்.
மெரினாவிலிருந்து சாலையைத் தாண்டி வரும் காற்று
விடை எழுதாத பக்கங்களாகப் பார்த்துப் புரட்டும்.

அணி என்றார் ஹெப்சிபா மேடம்.
உவமையா உருவகமா என்று முணுமுணுத்தாள் நிலோஃபர்.
நிரை என்றார்.
பள்ளிக்கூடத்தில் அது புளிமாவின் புளி.
இங்கே படுத்துக் கிடக்கும் மூன்று எண்.
எழுந்து நின்றால் நிரல்.
அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் ஏறவில்லை.

ஏறவில்லை என்றா சொன்னேன்,
அடுத்த வாரமே வந்தது ஏறுபடி வடிவம்.
முதல் நிரையை இரண்டால் பெருக்கி இரண்டாவதில் கழி.
மூலைவிட்டத்துக்குக் கீழே
எல்லாம் பூஜ்ஜியம் ஆகும்வரை கழி.
படிக்கட்டு தானாகத் தெரியும் என்றார்.
எனக்கு நான்காம் வரியில் ஒரு மைனஸ் தொலைந்து
படி இருக்கவேண்டிய இடத்தில்
நூற்று மூன்று பை பதினேழு
வழி மறித்து நின்றது.

விடியற்காலை நாலு மணிக்கு நான் வேறு ஆள்.
காசிமேட்டில் ஐஸ் பேக்டரிக் கணக்கு.
தரை முழுக்க மரமூடிகள்,
ஒவ்வொன்றின் கீழும் உப்புத்தண்ணீரில் முங்கிய ஒரு கேன்.
பதினாறு நிரை, இருபது நிரல்.
ஒரு வருடம் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்,
செருப்பில்லாமல்.
‘ஐந்தாம் நிரை ஒன்பதாம் நிரல் கேன் ஓட்டை’
என்று பேரேட்டில் எழுதியதைப் பார்த்த
கிரேன் இன்னாசி
‘ஓட்டைன்னு மட்டும் எழுதுடா’ என்றான்.
எந்த ஓட்டை என்று அவனுக்குத் தெரியும்.

வலப்பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம் என்றால்
எல்லாரும் பூஜ்ஜியம் என்பது எப்போதும் ஒரு விடை.
வெளிப்படைத் தீர்வு என்று அதற்குப் பெயர்,
எழுதினால் மார்க் கிடையாது.
எங்கள் வீட்டில் மாதக் கடைசிக்கு
அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பருவத்தின் கடைசி வாரம்
மேடம் பலகையில் ஒரு மீனை எழுதினார்.
புத்தகத்தில் அந்த இடத்தில் முயல் இருந்தது.
குஞ்சு வஞ்சிரம் ஒரு நிரை, தாய் வஞ்சிரம் ஒரு நிரை.
தாய்க்கு நாலு குஞ்சு,
குஞ்சில் பத்துக்கு ஒன்று தாயாகும்,
தாயில் பாதி அடுத்த வருடமும் இருக்கும்
என்று கொள்க.
முதல் தடவையாக முன்வரிசை திரும்பி
எங்களைப் பார்த்தது.

ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க
அரைப்பக்கம் ஆனது எனக்கு.
இரண்டு விடை வந்தது. ஒன்று மைனஸ்,
அதை மேடம் மதிக்கவில்லை.
இன்னொன்று பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது மூன்று.
தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன்.
மறுபடியும் அதே மூன்று.
மேடம் என் நோட்டைத் திருப்பிப் பார்த்து
‘சரிதான், ஒன்றுக்குக் கீழே’ என்றார்.
பிறகு டஸ்டரை எடுத்தவர்
கொஞ்ச நேரம் அழிக்காமல் நின்றார்.
பத்தாவது வருடத்தில் பாதிக்கும் கீழே போகும் என்று
நிலோஃபர் போனில் பெருக்கிச் சொன்னாள்.
மணி அடித்தது.

பரீட்சையில் நாற்பத்திமூன்று.
நாற்பது எடுத்தால் போதும்.
அந்தப் படிக்கட்டு இப்போது வருகிறது,
மைனஸ் தொலைவதும் குறைந்திருக்கிறது.

இன்று காலை இருட்டில்
போட்டிலிருந்து இறங்கிவந்த ஸ்டாலின் செல்வம்
‘நாற்பது கட்டி போடு, அஞ்சு நாள் தங்கல்’ என்றார்.
கிரேன் இறங்கியது. மூடிகள் திறந்தன.
ஒரு நிரை முழுக்கப் புகைந்தது.
என் பேனா
முப்பத்தேழு புள்ளி இரண்டு என்று எழுதிவிட்டது.
அடித்துவிட்டு
நாற்பது என்று எழுதினேன்.
புள்ளி இரண்டை யார் உடைத்துத் தருவது.